மரச்சீனி விளை வரைக்கும் ஒரு கம்பி

கம்பியை அவிழ்க்க மாட்டேன் என்று நான் சொன்னபோது என் வீட்டு முற்றத்தில் பதினொரு பேர் நின்றார்கள். பயத்தால் எண்ணியதல்ல. எண்ணாமல் என்னால் எதையும் பார்க்க முடியாது. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சங்கிலி இழுத்தே வாழ்க்கை போயிற்று. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கம்பி என்றால் ரேடியோவுக்கான கம்பி. மகன் பெங்களூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "அப்பா, அதெல்லாம் இப்பம் போன்லயே கேக்கலாம்" என்பான். கேட்கலாம். போனில் வரும் குரல் நான் தொட்டதால் வருகிறது. எனக்கென்று அனுப்பிவைக்கப்பட்ட குரல் அது. பிரேசிலில் ஏதோ ஓர் ஊரில் மாலை நேரத்தில் மாட்டு விலை வாசிக்கிறவன் என்னை நினைத்து வாசிக்கவில்லை. அவனுடைய ஜில்லாவுக்குள் கேட்டால் அவனுக்குப் போதும். ஆனால் அந்தக் குரல் ஒரு கடலையும் ஆப்பிரிக்காவையும் இன்னொரு கடலையும் தாண்டி, என் கொல்லாமரத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கீழே இறக்கிக் கேட்க ஆசைப்பட்டேன். இந்த ஆசைக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஒரு முறை கேட்டும் இருக்கிறேன். போன மார்கழியில், கூரையில் கட்டியிருந்த சிறிய கம்பியில். இங்கே விடியப்போகும் நேரம் அங்கே இருட்டிவிட்ட நேரம். நடுவில் உள்ள தூரம் முழுவதும் இருட்டாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவ்வளவு தூரத்துக் குரல் வரும். வந்தது. ஒரு ஆண் குரல், பின்னால் ஒரு அக்கார்டியன். நிலையத்தின் பெயரைச் சொல்ல அவன் வாயெடுத்த இடத்தில் அமுங்கிப்போயிற்று. பெயர் தெரியாவிட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. அந்தப் பெயர் எனக்கு வேண்டும். அதற்குத்தான் நீளக் கம்பி.

கூரைக் கம்பி உதவாமல் போனதற்குக் காரணம் நட்சத்திரங்கள். வானத்தில் உள்ளவை அல்ல. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு எல்.இ.டி. நட்சத்திரம் தொங்கும். எங்கள் இடவழியில் மட்டும் இருபத்து மூன்று. ஒவ்வொன்றும் ரேடியோவில் வண்டு மாதிரி இரையும். இருபத்து மூன்றாவது என் வீட்டுடையது. நான் பிளக்கைப் பிடுங்குவேன், என் மனைவி திரும்பச் செருகுவாள்.

"கர்த்தர் பொறந்ததைக் காட்டிலும் பெருசா உங்களுக்கு மாட்டு வெலை?" என்று கேட்டாள்.

"கர்த்தர் பொறந்தப்பம் எல்.இ.டி. இல்ல" என்றேன். அன்று காலைச் சாப்பாடு தாமதமாக வந்தது.

வீடுகளை விட்டு விலகி, நீளமாக, தாழ்வாக ஒரு கம்பி போக வேண்டும். மேற்கே சாலையும் மின்கம்பிகளும். ஆகவே கிழக்கே. என் முப்பத்தெட்டு சென்ட் நிலத்தில் நாற்பத்தைந்து மீட்டர்தான் நேர்கோடு கிடைக்கும். அதற்கப்பால் ஒரு ரப்பர்த் தோட்டம். அதைத் தாண்டினால் எல்லைக்கல். குன்னத்துகால் பஞ்சாயத்தும் கேரளமும் அங்கே முடிகின்றன. கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம். எல்லாம் சேர்ந்தால் இருநூற்றுப் பத்து மீட்டர். ஒரு பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் அனுமதி கேட்கப் போனேன்.

ரப்பர்த் தோட்டம் ஒரு விதவையுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் அவளே பட்டை வெட்டிப் பால் எடுத்து, உறையவைத்து ஷீட்டாக அடிக்கிறாள். கேட்டதும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சாரே, ஆணி மட்டும் அடிக்கப் பிடாது. ஆணி கேறுன மரத்தைத் தடிக்காரன் எடுக்கமாட்டான்."

சம்மதித்தேன். பழைய சைக்கிள் டியூபைக் கீறி நாடாவாக்கி, ஒன்பது மரங்களில் சுற்றிக் கட்டி, அதில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கோத்து, துண்டுக்குள் கம்பியை ஓட்டினேன். மரம் காற்றில் ஆடினாலும் டியூப் இழுபடும், கம்பி அறாது. கோடு ரப்பர் வரிசைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. வரிசை நட்டவர் பிரேசிலின் திசையைப் பார்த்து நடவில்லை. அந்த மரமே பிரேசிலிலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்தால் இது கொஞ்சம் அநியாயம்.

மரச்சீனிக்காரனுக்கு ஐம்பது வயது. என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். மாமா என்று கூப்பிடுவான். அவன் நிபந்தனையே போடவில்லை. கம்பியை அண்ணாந்து பார்த்தான், சிரித்தான்.

"கெட்டும் மாமா, நல்லா பார்வையாட்டு கெட்டும். நாலு பேரு காணட்டும்."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவன் விளையில் மூன்று கமுகந்தடிகளை நட்டு, தலைக்கு மேல் இரண்டு சாண் உயரத்தில் கம்பியைக் கொண்டுபோய் முடித்தேன். இந்த மாதிரிக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முனையை மின்தடை வழியாக மண்ணில் இறக்கிவிட்டு மறு முனையில் உட்கார்ந்தால், மண்ணில் இறக்கிய திசையிலிருந்து வருவதை மட்டும் கேட்கும்; முதுகுப் பக்கத்துச் சத்தத்தை வாங்காது. ஆக, மேற்கைக் கேட்க வேண்டுமானால் நான் மரச்சீனி விளையில் உட்கார வேண்டும். பனியில் போய் உட்காரக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. அதனால் ரேடியோவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மின்தடை போடாமல், இரண்டு திசையும் கலந்து வந்ததைக் கேட்டேன். கிழக்கிலிருந்து சீன நிலையங்கள் சந்தைக்கடை போல இரைந்தன. இருந்தாலும் அடியில் அந்த அக்கார்டியன் இருந்தது. நூல் மாதிரி, ஆனால் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடியலில் அது இல்லை. சீனர்களும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ரப்பருக்குள் ஐந்தாவது மரத்துக்கும் ஆறாவது மரத்துக்கும் நடுவே என் கம்பியில் ஏழு ரப்பர் ஷீட்டுகள் ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தன. பாரத்தில் கம்பி தொய்ந்து தரையைத் தொட்டு, ஒரு கல்லில் உரசி அறுந்திருந்தது. அவள் நெற்றி விளக்கோடு பக்கத்து வரிசையில் பாலுக்குப் பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன வேலை?" என்றேன்.

"சும்மா கெடக்குத கம்பிதானே சாரே? ஷீட்டு காயப்போடுத எனக்க அயை நெறைஞ்சுபோச்சு. நாலு நாளாட்டு வெயிலுண்டா?"

"இது அயை இல்ல. பிரேசில்ல இருந்து குரல் வாற கம்பியாக்கும்."

"நாலு ஷீட்டுல முட்டுனா நின்னுபோற குரலா? அவ்வளவு தீனக்காரனையா கேக்குதீரு?"

"நாலு இல்ல, ஏழு."

"எண்ணியாச்சா? அப்பம் கையோட எடுத்தும் தாரும்."

ஏழையும் நான்தான் எடுத்தேன். புளித்த பால் வாடை இரண்டு நாள் கையில் இருந்தது. கம்பியை ஒட்டுப்போட்டு இழுத்துக் கட்டினேன். அவளுக்குத் தனியாக ஒரு நைலான் கயிறும் கட்டிக்கொடுத்தேன், கோபத்தோடுதான்.

அதற்கடுத்த வாரம் பால் சொசைட்டியில் ஒருவன் கேட்டான்.

"சாரே, பன்னி வல்லதும் விழுந்தா?"

எனக்குப் புரியவில்லை. அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். உதியன்குளங்கரைக்கு மீன் வாங்கப் போனேன். மீன்காரி, எடை போட்டபடியே, "கரண்டு வச்சுப் பன்னி பிடிச்சா ஜெயிலாக்கும் சாரே, வயசான காலத்துல வேணுமா?" என்றாள். அப்போது புரிந்தது. எங்கள் பக்கத்தில் காட்டுப்பன்றி இறங்கி மரச்சீனியைக் கிளறிப் போடுவதும், சிலர் திருட்டுத்தனமாக மின்சாரக் கம்பி இழுத்து வைப்பதும், அதில் ஆளே மாட்டிக்கொள்வதும் உண்டு. என் கம்பி அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பன்றிக்கு வைக்கிறவன் முழங்கால் உயரத்தில் கட்டுவானா, தலைக்கு மேலே கட்டுவானா? யாரும் யோசிக்கவில்லை. மேலே தெரிகிற கம்பி சும்மா கண்கட்டு, புல்லுக்குள்ளே இன்னொன்று கிடக்கிறது என்று கதை. இவ்வளவு நன்றாக யோசித்த கதை தானாக முளைக்காது. யாரோ உட்கார்ந்து செய்தது.

செய்தவன் மறுநாள் சாயங்காலம் தானே வந்தான். மரச்சீனிக்காரன்.

"மாமா, நாளைக்கு பஞ்சாயத்து மெம்பர் வருவா. லைன்மேனும் உண்டு. கரண்டு உண்டான்னு கேப்பாவ. நீரு உண்டுன்னும் பறய வேண்டாம், இல்லேன்னும் பறய வேண்டாம். மிண்டாம நின்னா மதி."

"எலே, நீயா இதைக் கெளப்பிவிட்டது?"

"பின்ன? போன வருசம் மரச்சீனியில பாதி மூடு போச்சு. பன்னி பாதின்னா களவாணி பாதி. இந்த வருசம் உமக்க கம்பி வந்த பெறவு ஒத்த மூடு போவல்ல. எண்ணிப் பாரும், நீருதான் எண்ணுவீரே."

"கள்ளம் பறஞ்சுக்கிட்டு எனக்குக் கம்பி வேண்டாம்."

"மிண்டாம நிக்கதுக்குக் கள்ளம்னா பேரு?"

"உனக்க மரச்சீனியே பிரேசில்ல இருந்து வந்ததாக்கும். அந்த நன்றி இருக்கணும்."

"அப்பம் களவாங்குதவனும் அங்க இருந்தாக்கும் வந்தான்?" என்றவன், எழுந்து நின்று, சிரிக்காமல் சொன்னான். "கேளும் மாமா. கரண்டு இல்லேன்னு நாலு பேருக்கு முன்ன தெரிஞ்சா எனக்க விளையில கம்பி நிக்காது."

ஆக, நான் வாயைத் திறந்தால் அவன் அவிழ்ப்பான். திறக்காவிட்டால் மெம்பர் அறுப்பாள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுக்களையில் இருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். அவுத்துப்போட்டுட்டு வேதம் வாசிச்சுக்கிட்டு இருக்கப்பிடாதா?" என்றாள்.

அப்படி ஒரு வழி இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள்தான் அந்தப் பதினொரு பேர். ஊராட்சி உறுப்பினர் இளவயசுப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"சாரே, ஒரு பராதி வந்திருக்கு. பாக்காம போவ ஒக்காது. எதுக்கு வம்பு, அவுத்திரும். கல்லுக்கு இந்தப் பக்கம் உள்ளது போரும். அந்தப் பக்கம் எனக்க வார்டு இல்ல."

அவிழ்க்க மாட்டேன் என்றேன். கூட்டத்தில் மரச்சீனிக்காரன் பின்னால் நின்று என்னையே பார்த்தான். லைன்மேன் பையிலிருந்து டெஸ்டரை எடுப்பதற்குள் நான் செருப்பைக் கழற்றினேன். என் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீர் முற்றத்தில் தேங்கிக் கிடந்தது. அதில் இரண்டு காலையும் வைத்து, கம்பியின் தோலுரிந்த முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கரண்டு இல்ல. இருந்ததும் இல்ல. இது ரேடியோக் கம்பி. எல்லாரும் கேட்டாச்சா?"

ஒருவரும் சாகவில்லை, குறிப்பாக நான். ஆனாலும் ஒருவன் விடவில்லை. "சாரு உள்ள சுவிச்சை அணைச்சுட்டுல்லா வந்திருப்பாரு" என்றான். மற்ற ஆறு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் ஆத்திரத்தில் நடுங்கியதைக் கண்டு கரண்டு அடித்ததாக நினைத்தவர்களும் உண்டு.

அப்போது ரப்பர்க்காரி முன்னால் வந்தாள். கையில் பால் வாளி.

"எலே, போன வாரம் ஏழு ஷீட்டு ஈரத்தோட இதுல போட்டேன். விடியக்காலம், சாரு உள்ள சுவிச்செல்லாம் போட்டு இருக்குத நேரம். ஷீட்டோட பாவாடையும் கெடந்துது. நான் செத்தேனா? சாரு என்னைக் கொல்லல்ல, ஏசத்தான் செய்தாரு."

சிரிப்பு எழுந்தது. லைன்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான். இடி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மெம்பர் கேட்டாள். மழை வரும் நாளில் கழற்றி மண்ணோடு இணைத்துவிடுவேன் என்று மண்ணில் அடித்த இரும்பு முளையைக் காட்டினேன். அவள் போய்விட்டாள். கம்பி கேரளத்தில் நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் நிற்கவில்லை. மறுநாள் காலை வாசலில் ஒரு கம்பிச் சுருள் இருந்தது. எழுபது மீட்டர், அளக்கவே வேண்டாம். மரச்சீனிக்காரன் ஒழுங்காகச் சுற்றி, மூன்று இடத்தில் வாழைநாரால் கட்டி வைத்திருந்தான். கோபத்திலும் இவ்வளவு ஒழுங்கா என்று எனக்கு எரிச்சல் கூடியது.

மிச்சக் கம்பியில் கேட்டுப் பார்த்தேன். சீனர்களும் நட்சத்திரங்களும் மட்டும்தான். அக்கார்டியன் இல்லை. மூன்று விடியல் அப்படிப் போயிற்று. நாலாவது நாள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லைத் தாண்டினேன். அவன் விளை ஓரத்தில் குந்தியிருந்தான். அவன் முன்னால் நாலு குழி, புது மண்.

"பாத்தீரா? உமக்க சத்தியத்துக்க விலை" என்றான்.

பார்த்தேன். எனக்கு வருத்தம் இருந்தது, குற்றவுணர்வு இல்லை. உண்மையைச் சொன்னதற்கு நான் தலைகுனிவதாக இல்லை.

"எலே, உனக்கு வேண்டியது கரண்டா, காவலா?"

"காவலுக்கு ஆளு எங்க கிட்டும்? விடியதுக்கு முன்ன வாறான் அவன்."

"விடியதுக்கு முன்ன தெனமும் முழிச்சிருக்குத ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவன் உனக்க விளையில இருப்பான். கம்பியும் அவன் பக்கத்துல நிக்கும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்ல காவலு! காதுல அந்த குந்தத்தை மாட்டினா பன்னி வந்து மடியில இருந்தாலும் நீரு அறிவீரா?"

அது நியாயமான கேள்வி. நான் அவன் முன்னாலேயே, கழுத்தில் கிடந்த ஹெட்போனின் ஒரு பக்கத்தை ஒடித்து மடக்கினேன். இடது காது பிரேசிலுக்கு, வலது காது மரச்சீனிக்கு என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். சுருளை என் தோளிலிருந்து அவன்தான் இறக்கினான். கமுகந்தடி மூன்றும் பிடுங்காமல் அப்படியே நின்றன. அவனுக்கும் கொஞ்சம் யோசனை இருந்திருக்க வேண்டும்.

வீட்டு முனையில் மின்தடையை வைத்து மண்ணில் இறக்கிவிட்டு, ரேடியோவும் பாட்டரியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். "தாலுகா ஆபீசு சாரு மரச்சீனிக்குக் காவலு போறாரு" என்று இடவழி முழுக்கப் பேச்சு. போகிறேன். நாட்டுக்கு அளந்து கொடுத்தவன் நாலு மூடு மரச்சீனிக்குக் காவல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? மனைவி உத்தரவை வாபஸ் வாங்கவில்லை. கம்பளித் தொப்பி ஒன்றைத் தலையில் அழுத்திவிட்டு, "வலது காதைத் தொறந்து வையுங்க, பனி கேறினாலும் செரி" என்றாள்.

முதல் விடியலிலேயே தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் சீனர்கள் அடங்கிவிட்டார்கள். நட்சத்திரங்கள் இருநூறு மீட்டருக்கு அப்பால். ரப்பருக்குள் அவளுடைய நெற்றி விளக்கு மரத்துக்கு மரம் நகர்ந்தது. கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து, "சாரே, மாட்டுக்கு இன்னைக்கு என்ன வெலை?" என்று கூவினாள். வலது காதில் கேட்டுக்கொண்டே டயலைத் திருப்பினேன்.

ஆறாவது விடியலில் வந்தது. நூலாக இல்லை, கயிறாக. அதே அக்கார்டியன், அதே ஆண் குரல், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எடுக்கலாம் போல. பாட்டு முடிந்தது. மூச்சை இழுத்தான். இனி பெயர்தான்.

வலது காதில் மண் பெயரும் சத்தம் கேட்டது.

திரும்பினால், பத்தடி தூரத்தில் ஒருவன் ஒரு மரச்சீனிச் செடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு நிமிடம், அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும். அவன் பிடுங்கட்டும், நான் பெயரைக் கேட்டுவிடுகிறேன் என்று நினைக்காமல் இல்லை. நினைத்த அதே மூச்சில், "எலே!" என்று நான் கத்தியது எல்லைக்கல் தாண்டி ரப்பருக்குள் போய் மோதியது. அவன் விழுந்தடித்து ஓடினான். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. ரப்பர்க்காரி அந்தப் பக்கத்திலிருந்து கத்தியைத் தட்டிக்கொண்டு கூச்சலிட்டாள்.

நான் திரும்பி ஹெட்போனை இடது காதில் அழுத்தியபோது அங்கே வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் கத்தலுக்கு அடியில் பிரேசில்காரன் பெயரைச் சொல்லி முடித்திருந்தான்.

மரச்சீனிக்காரன் ஓடிவந்தான். செடியைப் பார்த்தான், ஆட்டம் கண்டிருந்தது, விழவில்லை. காலால் சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினான்.

"பேரு கிட்டுச்சா மாமா?"

"இல்ல."

அவன் நடுக் கமுகந்தடியைக் கையால் அசைத்துப் பார்த்தான். அது லேசாக ஆடியது. ஒரு கல்லை எடுத்து அடியில் அண்டை கொடுத்து, இன்னொரு கல்லால் தட்டி இறக்கினான்.

"நாளைக்கும் வருவீரில்லியா?"

வருவேன் என்றேன். அந்தப் பிரேசில்காரன் தினமும் நிலையத்தின் பெயரைச் சொல்கிறவன்தானே. நாளையும் சொல்வான்.